மிளகளவு கறுப்பு

படத்தறி வீடு என்று சொன்னால்தான் அந்த நாளில் புதுச்சேரியில் ஆளுக்கு விளங்கும். வாசல் பலகையில் பிரெஞ்சில் என்னமோ நீளமாக எழுதியிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது, துய்மா வீதியில் பாதி வீட்டுக்குப் பூட்டு. அந்தப் பூட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு வீட்டுக்குள் மட்டும் காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு பெண்கள் நுழைவார்கள், ஐந்து மணிக்கு வெளியே வருவார்கள். உள்ளே என்னம்மா வேலை என்று கேட்டால் படம் நெய்கிறோம் என்பார்கள். கேட்டவன் சிரிப்பான். புடவை நெய்யலாம், துண்டு நெய்யலாம், படத்தைப் போய் எவளாவது நெய்வாளா?

நெய்தார்கள் ஐயா. சீமையில் பேர்பெற்ற ஓவியர்கள் எழுதிய படங்களை அப்படியே கம்பளி நூலில் ஏற்றிச் சுவரில் தொங்கவிடுகிற திரையாக நெய்தார்கள். சேவகம் முடிந்து ஊர் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் அதை வாங்கிச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

தறி நம் ஊர்த் தறி மாதிரி படுத்திருக்காது. சுவர் மாதிரி நிற்கும். பாவு நூல் மேலிருந்து கீழே மழைபோல இறங்கும். பெண்கள் அதற்குப் பின்னால் பலகையில் வரிசையாக உட்கார வேண்டும். படத்தின் முதுகுதான் அவர்களுக்குத் தெரியும், முடிச்சும் பிசிறுமாக. முகம் எதிர்ப்பக்கம். அங்கே ஒரு கண்ணாடியை நிறுத்தியிருப்பார்கள். நூல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் அதில் துண்டு துண்டாகத் தெரியும். ஒரு சாண் ஏறினால் நெய்ததைக் கீழ் உருளையில் சுற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் அது யார் கண்ணுக்கும் கிடையாது. படம் முடிந்து தறியிலிருந்து அறுக்கிற நாளில்தான் மறுபடி வெளிச்சத்தைப் பார்க்கும்.

அன்னக்கிளி அந்தப் பலகையில் உட்கார்ந்தது சின்னப்பொண்ணு தயவில். லாஸ்பேட்டையில் குத்தகை நிலம் உழுகிற வடிவேலின் பெண்டாட்டி அன்னக்கிளி. சின்னப்பொண்ணு குருசுக்குப்பத்துக்காரி, இருசப்பன் சம்சாரம். கடலில் ஒருநாள் கட்டுமரம் புரண்டு இருசப்பனுக்குத் தோள் இறங்கிப்போனது. அதிலிருந்து மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு லாஸ்பேட்டைத் தெருத் தெருவாக அலைந்தவள். வலை முடிகிற கை பார்த்து, தறி வீட்டு முதலாளியான பிரெஞ்சுக்கார மதாம் அவளைத் தறிக்கு எடுத்தாள். நாலு வருஷத்தில் அவள்தான் அங்கே மூத்த கை. கூடை இறங்கிய தலையில் பூ ஏறியது. தினம் எலுமிச்சம் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவிவிட்டுத்தான் நூலைத் தொடுவாள். அப்படியும் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார்கள். அன்னக்கிளி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தூக்கிலிருந்து சுறாப்புட்டை அள்ளித் தன் கூழுக்குத் தொட்டுக்கொள்வாள். அவளுக்கு அந்த வேலை வாங்கிக் கொடுத்ததும், விரலுக்கு நடுவே நூல் பிரிக்கச் சொல்லிக் கொடுத்ததும் சின்னப்பொண்ணுதான்.

அந்த வருஷம் தறியில் ஏறியது மாதா படம். இத்தாலிக்காரர் ரஃபாயேல் எழுதி நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று மேற்பார்வை கிருஷ்ணசாமி சொன்னார். வட்டத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதா, சிவப்புச் சட்டைக் கை, பச்சைச் சால்வை, மடியில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை. பிள்ளையின் தலையோடு தலை சேர்த்து மாதா சாய்ந்திருப்பாள். நாலு பேர் சேர்ந்து நெய்தார்கள். பலகையில் இடக்கோடியில் சுலோசனா, அடுத்து சின்னப்பொண்ணு, அடுத்து அன்னக்கிளி, வலக்கோடியில் சாந்தி. அவரவர் எதிரில் இருக்கும் பாவு அவரவர் பொறுப்பு. பிள்ளையின் முகம் அன்னக்கிளி பங்குக்கு வந்தது.

ஆடியில் மாதாவின் முழங்கால். ஐப்பசியில் முகம். முகம் ஏறுகிற வாரத்தில் யாருக்கும் லீவு கிடையாது, அது கிருஷ்ணசாமியின் சட்டம். கோட்டுப் போட்டுக்கொண்டு பிரெஞ்சு பேசுகிற மனுஷன், பெண்கள் பிரெஞ்சு மரியாதையில் மிசே என்றுதான் கூப்பிடுவார்கள். மதாமுக்குக் காது, வாய் எல்லாம் அவர்தான். ஒருநாளும் தறிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர் இல்லை.

அந்த வாரம்தான் அன்னக்கிளியின் பிள்ளை பலராமனுக்குக் காய்ச்சல் கண்டது. பத்து மாதக் குழந்தை. மூன்று நாளாக மழை. வயலில் நட்டதெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது, வடிவேல் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டான். வீட்டில் அடுப்பு எரிந்தது அன்னக்கிளி சம்பாத்தியத்தில். பிள்ளை உடம்பு அனலாகக் கொதித்தது. நாத்தனார் அஞ்சம்மாளிடம் விட்டுவிட்டு, கஷாயம் எப்போது, ஈரத்துணி எப்போது என்று படிப்படியாகச் சொல்லிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே தறிக்கு வந்தாள். கை நெய்தது, மனசு தொட்டில் பக்கம் கிடந்தது.

நடுப்பகலில் மதாமின் சிநேகிதிகள் இரண்டு பேர் வந்தார்கள். தறியின் முன்னால் நின்று பிள்ளை முகத்தைப் பார்த்து ஒரே கொஞ்சல். என்ன பேசினார்கள் என்று அன்னக்கிளிக்குப் புரியவில்லை. ஆனால் குழந்தையைப் பார்த்து வியக்கிற குரல் எந்தப் பாஷையிலும் ஒன்றுதானே. ஒருத்தி கையைத் தட்டி, விரலை நீட்டிக் கன்னத்தைக் காட்டிக் காட்டிப் பேசினாள். அன்னக்கிளி நூல் இடுக்கு வழியாக அந்த விரலையே பார்த்தாள். ஊர்க்கண்ணெல்லாம் விழுகிறதே, ஒரு பொட்டு இல்லையே என்று நினைத்தாள். எந்தப் பிள்ளையை நினைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

எல்லாரும் சாப்பிடக் கொல்லைப்பக்கம் போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் நிழலுக்கு வைத்திருந்த கறுப்பு நூலை எடுத்தாள். பிள்ளையின் கன்னத்தில், மூன்று பாவுக்கு, நாலு ஓட்டம் ஓட்டினாள். மிளகளவு. சீப்பால் தட்டி இறுக்கிவிட்டுக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. நாளைக்குப் பிரித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சாப்பிட்டாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் பிள்ளை வியர்த்துக் குளிர்ந்து கிடக்கிறது. அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. மத்தியானமே விட்டிருச்சு அன்னம் என்றாள் அஞ்சம்மாள். மத்தியானம் எந்நேரம் என்று கேட்க அன்னக்கிளிக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பொட்டைப் பிரிக்க ஊசியை எடுத்தாள், கை ஓடவில்லை. பிரித்தால் காய்ச்சல் திரும்பி வந்துவிட்டால்? இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று தள்ளினாள். மழை இருட்டில் அந்த மிளகளவு கறுப்பு யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் நாள் கிருஷ்ணசாமி உருளையைச் சுற்றச் சொன்னார். பிள்ளையும் கன்னமும் பொட்டும் உருண்டு உள்ளே போயின.

கார்த்திகை, மார்கழி முழுக்க அவள் அந்த உருளையின் மேல் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்து நெய்தாள். சொல்லிவிடலாம் என்று தினமும் ஒரு தடவை தோன்றும். சொன்னால் உருளையைப் பிரிக்க வேண்டும், வேலை கெடும், ஆளை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் வடிந்த வயலில் ஒரு கதிர் கிடையாது. மிளகளவுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயந்தவளுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்.

பொங்கல் கழிந்த வாரத்தில் படம் அறுத்தார்கள். அது அங்கே ஒரு கல்யாணம் மாதிரி. வேலை நின்றுவிடும், மதாம் தன் கையால் ஆளுக்கொரு டம்ளர் சிவப்புச் சர்பத்து கொடுப்பாள், மூத்த கைதான் கத்திரிக்கோலைப் பிடிக்கும். சின்னப்பொண்ணு தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பாவு ஒவ்வொன்றாக அறுந்து விழ, படம் கீழே சரிய, நாலு பேர் தாங்கிப் பிடித்துப் பாயில் மல்லாத்திப் போட்டார்கள்.

பெண்கள் பாயைச் சுற்றி நெருக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஆறு மாதம் முதுகையே பார்த்தவர்களுக்கு முகம் கிடைத்த மாதிரி. சின்னப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதாம் குனிந்தாள். ஈ எச்சம் என்று நினைத்து விரலால் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். பிறகு நிமிர்ந்து பிரெஞ்சில் இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு, டம்ளரை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார் கிருஷ்ணசாமி. தம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அதில் யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள் என்று பலகையின் இடக்கோடியிலிருந்து வரிசையாக எழுதி வைத்திருந்தார். பாயில் கிடந்த படத்தையும் இடமிருந்து விரலால் எண்ணினார். ஒன்று, சுலோசனா. இரண்டு, சின்னப்பொண்ணு. பொட்டு இரண்டாவது பங்கில் இருந்தது.

தறிக்கு முன்னால் நின்றே காலம் தள்ளிய மனுஷனுக்கு அது சரியாகத்தான் பட்டது. பின்னால் உட்கார்ந்து நெய்தால் இடது வலதாகும், வலது இடதாகும். கணக்கு தப்பு என்று அன்னக்கிளிக்கு அந்த நிமிஷமே தெரிந்தது.

கிருஷ்ணசாமி சின்னப்பொண்ணுவைப் பார்த்து, மாதா படத்தை அசிங்கப்படுத்த உனக்கு எவ்வளவு துணிச்சல் என்றார். இவ்வளவு நாள் சோறு போட்ட கைக்கு இதுதான் மரியாதையா என்றார். குப்பத்துப் புத்தி என்று ஒரு வார்த்தையும் சொன்னார். கத்திரிக்கோல் இன்னும் சின்னப்பொண்ணு கையில்தான் இருந்தது. அவள் திரும்பி அன்னக்கிளியைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வரவேண்டியவள் வரட்டும் என்று வாசலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

கிருஷ்ணசாமியும் அவளிடமே திரும்பினார்.

"பக்கத்துலதானே உக்காந்திருந்த. நீ பாக்கலியா?"

"பாக்கல மிசே" என்றாள் அன்னக்கிளி.

அவ்வளவுதான். சின்னப்பொண்ணு கத்திரிக்கோலைப் பாயின் ஓரத்தில் வைத்தாள், தன் தூக்கை எடுத்துக்கொண்டாள், கனகாம்பரத்தோடு வெளியே போனாள். பொட்டைப் பிரித்துக் கன்னத்து நிறத்தில் நூல் ஓட்ட ஆள் வேண்டும் என்றார் கிருஷ்ணசாமி. உன் விரல்தான் மெல்லிசு என்று அன்னக்கிளியையே உட்கார வைத்தார். அரை மணி நேரத்தில் பிரித்து முடித்தாள். ஊசி ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அவளுக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. படம் ரயிலில் மதராசுக்குப் போய் அங்கிருந்து கப்பலேறியது.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. அன்னக்கிளி பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் மீன் கூவும் குரல் கேட்டது. நாலு வருஷமாகக் கேட்காத குரல். கைக்குழந்தையோடு எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அஞ்சம்மாள் வாசலில் நின்று, ஏம்மே சின்னப்பொண்ணு, எறக்கு கூடைய, எத்தினி நாளாச்சு என்று கூப்பிட்டாள். கூடை இறங்கவில்லை.

"உங்க வூட்டுக்கு ஆவற மீனு இதுல இல்லம்மா" என்று சொல்லிவிட்டுக் குரல் அடுத்த வீட்டுக்குப் போனது.

கூடை நிறைய மீன் இருக்கே, ஏன் இப்படிப் பேசறா என்று அஞ்சம்மாள் உள்ளே வந்து கேட்டாள். அன்னக்கிளிக்குக் காது மடல் எரிந்தது. எண்ணெய்க் கையோடு பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில் அது வீறிட்டு அழுதது.

அன்று புருஷனிடம் சொன்னாள். வடிவேல் கெட்டவன் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டுத் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். அடுத்த பட்டம் வரைக்கும் நீ போனாத்தான் சோறு, போனதைக் கிளறி என்ன ஆகப்போகுது என்றான். சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் வெளியே போய்விட்டான். அவள் சாப்பிட உட்கார்ந்தாள், தட்டைத் தள்ளி வைத்தாள். குழம்பு வாசனைக்கே சின்னப்பொண்ணு ஞாபகம் வந்து தொலைத்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று வாய்விட்டே சொன்னாள்.

மறுநாள் காலை, மற்றவர்கள் வருமுன்னே போய் மாடிப்படியில் மதாமைப் பிடித்தாள். மதாமுக்குத் தமிழ் ஓரளவு வரும். பொட்டு வைத்தது நான், சின்னப்பொண்ணு இல்லை, என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மதாம் அவளைப் படியில் உட்காரச் சொன்னாள். பிறகு தன் தமிழில் சொன்னாள், படம் போய்விட்டது, முடிந்தது. அந்தப் பெண் வேண்டுமானால் நாளைக்கே வரட்டும். ஆனால் இதை யாரிடமும் சொல்லாதே, கிருஷ்ணசாமிக்கு மரியாதை போகும், அவரும் போய்விட்டால் எனக்கு யார்.

அன்னக்கிளிக்குத் தலையிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. எவ்வளவு சுளுவாக முடிந்துவிட்டது என்று அதிசயப்பட்டாள். ஐந்து மணிக்கு வேலை விட்டதும் வடக்கே கடற்கரையோடு நடந்தாள். குருசுக்குப்பத்தில் மணலில் வலை காய்ந்தது. சின்னப்பொண்ணு குடிசை வாசலில் உட்கார்ந்து காரப்பொடி மீனைக் கருவாட்டுக்கு உப்புப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். இருசப்பன் தோளைத் தொங்கவிட்டபடி ஓரமாக இருந்தான். அன்னக்கிளியைப் பார்த்ததும் எழுந்து வலைப் பக்கம் போய்விட்டான்.

சின்னப்பொண்ணு உட்காரச் சொல்லவில்லை. அன்னக்கிளி நின்றுகொண்டே சொன்னாள்.

"யக்கா, மதாம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாளைக்கே உன்ன வரச் சொல்லிட்டாங்க."

சின்னப்பொண்ணு உப்பை அள்ளிப் போட்டாள்.

"எங்க வெச்சி சொன்ன?"

"மாடிப்படியில."

"கூட யார் இருந்தா?"

"யாரும் இல்ல. தனியாத்தான்."

சின்னப்பொண்ணு பிசைந்துகொண்டே இருந்தாள். முழங்கை வரை உப்பு வெளுத்திருந்தது.

"அன்னிக்கி உன் வாயப் பாத்துக்கினு நின்னேன். இப்பத் தொறப்பா, இப்பத் தொறப்பான்னு நின்னேன். நானே சொல்லியிருக்கலாம். காட்டிக் குடுக்கற வாயி எனக்கு வல்ல. உனுக்குப் புள்ள இருக்கு, எனக்கும் தெரியும். பொட்டு வெச்சத நான் தப்புன்னே சொல்லல. நானா இருந்தாலும் வெச்சிருப்பேன்."

"யக்கா…"

"என்னப் போவச் சொன்னது பதினோரு பேரு எதிர்ல. குப்பத்துப் புத்தின்னு சொன்னது பதினோரு பேரு எதிர்ல. நீ படிக்கட்டுல ஒரு ஆளுகிட்டக் குசுகுசுன்னு சொல்லிட்டு வந்து என்னக் கூப்புடற. நான் வந்து அதே பலகையில உக்காந்தா அவளுங்க என்னா நெனப்பாளுங்க? மன்னிச்சி வுட்டாங்க, பாவம்னு நெனப்பாளுங்க. செய்யாத தப்புக்கு எனக்கு எதுக்கும்மே மன்னிப்பு?"

அன்னக்கிளி அங்கேயே மணலில் உட்கார்ந்தாள். காலைப் பிடிக்கப் போனாள். சின்னப்பொண்ணு காலை இழுத்துக்கொண்டாள்.

"தொடாத. கையெல்லாம் வாட வரும், நாளைக்கு நூலத் தொடணும் நீ. பொழுது போவுது, புள்ள தேடும். போ."

திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்குத் தன் நிழலைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. தலைச்சுமையை இறக்கியதாக நினைத்தோமே, இன்னொருத்தி தலையில் கூடையை ஏற்றிவிட்டு என்ன இறக்கம் என்று நினைத்தாள். வடிவேலிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான், தடுத்தால் கேட்டுவிடுவோம் என்று பயந்தாள்.

மறுநாள் எட்டு மணிக்குப் பெண்கள் பலகைகளில் உட்கார்ந்தார்கள். புதுப் படத்துக்குப் பாவு கட்டியிருந்தது. சின்னப்பொண்ணு இடத்துக்கு அன்னக்கிளியை நகர்த்தி, மூத்த கையின் ஊசிப் பெட்டியையும் அவளிடம் கொடுத்திருந்தார்கள். கிருஷ்ணசாமி நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே வந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தார். அவள் பெயர் வந்தது. எழுந்து நின்றாள். தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாதா படத்துல அந்தப் பொட்ட வெச்சது நானு" என்றாள். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினாள். "சின்னப்பொண்ணு அக்கா வெக்கல. நான் பாக்கலன்னு சொன்னது பொய்யி. நீங்க முன்னால நின்னு எண்ணிட்டீங்க மிசே. பின்னாலேந்து எண்ணினா அது எம் பங்கு."

கிருஷ்ணசாமி நோட்டைப் பார்த்தார், தறியைப் பார்த்தார். விரல் காற்றிலேயே இடதும் வலதுமாக ஒரு தடவை போய் வந்தது. அவர் முகம் சிறுத்துவிட்டது.

வேலை போகும், போகட்டும் என்று அன்னக்கிளி காத்திருந்தாள். மற்றவர்கள் திட்டுவார்கள், காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் பேசவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில், அவள் பழைய இடத்துக்கு நகர்ந்திருந்த சாந்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தலை குனிந்தபடியே, அன்னக்கிளிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"உக்காரு அன்னம். எங்க எல்லாருக்கும் தெரியும்."

"எப்பலேந்து?"

"அவரு எண்ணும்போதே. நாங்களும் பின்னாலதானே உக்காந்து நெய்யிறோம்."

பத்துப் பேரும் குனிந்திருந்தார்கள். பலகையில் இன்னும் ஒரு சீப்பும் தட்டவில்லை. அன்னக்கிளி உட்காராமல் நின்றாள்.